எந்தக் கிழமை வரட்டும்?

சித்திக்குப் பித்தப்பையில் கல். மூன்று மாதமாகவே சாப்பிட்டு எழுந்தால் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், முதுகு வரை போகும். வாயுப் பிடிப்பு என்று நினைத்து சோடா குடித்தார், சீரகக் கசாயம் வைத்துக் குடித்தார். ஒரு ராத்திரி வலி தாங்காமல் போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் கல் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பாகூர்ப் பக்கமுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணி ஒரு போதனா மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவர் அப்போது முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

“ஏம்மா, நீ உள்ளயே இருக்கற. யாரு கையில போனா நல்லதுன்னு உனக்குத் தெரியாததா?”

அண்ணி ஸ்கேன் சீட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். கல் எத்தனை, பித்தக்குழாய் விரிந்திருக்கிறதா, பித்தப்பையின் சுவர் தடித்திருக்கிறதா என்று வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி வரை எந்த டாக்டர் பெயரையும் அவர் சொல்லவில்லை. “புதன்கிழமை ஓ.பி.க்கு வாங்க அத்தை. வேற கிழமையில வராதீங்க. நான் வந்து கூட நிக்கறேன்” என்றார், அவ்வளவுதான்.

போதனா மருத்துவமனைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிலின் பொருள் விளங்கும். அங்கே அறுவைச் சிகிச்சைத் துறை யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குக் கீழே முதுநிலை மாணவர்கள். இன்ன யூனிட்டுக்கு இன்ன கிழமை ஓ.பி., இன்ன கிழமை தியேட்டர் என்று முறை வைத்திருப்பார்கள். நோயாளி எந்தக் கிழமை சீட்டுப் போடுகிறாரோ, அன்றைய யூனிட்டின் நோயாளி ஆகிவிடுவார். கிழமையைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே சர்ஜனைத் தேர்ந்தெடுப்பது. தெரியாதவர்கள் பஸ் கிடைத்த நாளில் வருகிறார்கள், களையெடுப்பு இல்லாத நாளில் வருகிறார்கள். தெரிந்தவர்கள் புதன்கிழமை வருகிறார்கள்.

உலக மருத்துவ வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுக்குப் பின்னாலும் இதே போலக் கிழமை பார்த்த பெண்கள் இருந்தார்கள். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இரண்டு பிரிவுகளுக்கும் நாள் மாற்றி நாள் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். 1846-ல் முதல் பிரிவில் பிரசவித்த நூறு பேரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் இறந்தவர்கள் 3 பேருக்கும் குறைவு. அந்த ஆண்டு அங்கே உதவியாளராகச் சேர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் திகைத்தார். ஆனால் வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு அது முன்பே தெரியும். முதல் பிரிவின் முறைநாளில் வலி கண்டவர்கள் மண்டியிட்டு, தங்களை அங்கே சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு உள்ளே பெற்றவர்களைவிடக் காய்ச்சல் குறைவாக வந்ததையும் அவர் கவனித்தார். பிணவறையில் பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று கண்டறிந்து, 1847 மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். மறு ஆண்டே இறப்பு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்தப் பெண்களுக்குக் காரணம் தெரியாது, எந்த நாள் ஆகாத நாள் என்று மட்டும் தெரியும். எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள்? முன்பு அங்கே பெற்றவர்கள் சொல்லியிருப்பார்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஏட்டில் எண்ணாக ஏறுவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே உண்மை வாய்வழியாக ஊருக்குள் புழங்கிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக்கு இந்தக் கதை பொருந்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1880-ல் ஏற்படுத்திய கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவின் பெயரை இன்றும் சுமக்கும் இந்தப் பகுதிகள் கிராமப்புறம்தான். நெல், கரும்பு, ஏரி, கழனி என்று இருப்பவைதான். ஆனால் இந்தியாவின் வேறு கிராமப்புறங்களைப் போல ‘ஆஸ்பத்திரிக்கு அறுபது கிலோமீட்டர்’ என்ற நிலை இங்கே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 9.5 லட்சம் பேர் வாழும் புதுச்சேரி மாவட்டத்தில் 8 மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும் கூடப்பாக்கத்தை ஒட்டியும் இரண்டு. பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் இரண்டு. பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, டவுனில் பெரியாஸ்பத்திரி. கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம் இருக்கிறது. இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையமும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி நடத்த வேண்டுமானால் படுக்கைகளில் பெரும்பகுதி நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தனியார் கல்லூரிகள் கிராமத்துக்கே வந்து முகாம் போடுகின்றன, வண்டி அனுப்புகின்றன. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

எங்கே போவது என்ற தவிப்பு இங்கே பெருமளவு தீர்ந்துவிட்டது. யாரிடம் போவது என்ற தவிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் பலகை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் கிடையாது. டாக்டரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இருக்கும், ஓ.பி. நேரம் இருக்கும். போன ஆண்டு எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தார், எத்தனை பேருக்குத் தையல் பிரிந்தது, எத்தனை பேரை மறுபடி தியேட்டருக்கு ஏற்ற வேண்டியிருந்தது என்பதை வெளியே எழுதிப்போடும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஓரளவு தெரியும். ஸ்டாஃப் நர்ஸ், மயக்க டாக்டர், ஓ.டி. டெக்னீஷியன், வார்டு ஆயா, ட்ரெஸ்ஸிங் மாற்றுபவர் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பார்க்கிறார்கள். அவர்களைச் சொந்தமாகப் பெற்றவர்களுக்கு அந்தத் துண்டு கிடைக்கிறது.

அண்ணியிடம் அப்புறம் ஒருநாள் கேட்டேன், எதை வைத்து ஒரு சர்ஜனை எடைபோடுகிறீர்கள் என்று. கை வேகத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. சதையை எப்படித் தொடுகிறார் என்பதுதான் முதலில் கண்ணில் படும் என்றார். பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிடிப்பவர் உண்டு, ஒருமுறை பிடித்தால் சரியாகப் பிடிப்பவர் உண்டு. ரத்தம் கசிந்தால் பதறி அங்கேயும் இங்கேயும் கிளிப் போடுபவர் உண்டு. அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடைத்து, கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கருவியைக் கேட்பவர் உண்டு. பஞ்சுத்துணிக் கணக்கை நர்ஸ் சொல்லி முடிக்கும் வரை வயிற்றை மூடாமல் காத்திருக்கிறாரா, ‘அதெல்லாம் சரியா இருக்கும், தையல் குடு’ என்கிறாரா? சிக்கல் என்று தெரிந்தால் மூத்தவரைக் கூப்பிடுகிறாரா, கௌரவம் பார்க்கிறாரா? கடைசியாக ஒன்று சொன்னார்: “ராத்திரி பத்து மணிக்கு வார்டுல இருந்து போன் பண்ணா எடுக்கறாரா, ஏன் பண்ணீங்கன்னு கத்தறாரா. அதைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.”

இது வார்டு அரட்டை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல்பருமனுக்கு அறுவை செய்யும் 20 சர்ஜன்கள், தாங்கள் செய்த ஆபரேஷனின் வீடியோ ஒன்றைத் தந்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல் சக சர்ஜன்கள் அதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். 2013-ல் ஜான் பர்க்மேயர் குழு வெளியிட்ட முடிவு இது: மதிப்பெண்ணில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால்வாசியில் இருந்தவர்களிடம் அது 5.2 விழுக்காடுதான். ஒரே ஒரு வீடியோவைப் பார்த்து, விஷயம் தெரிந்த கண் போட்ட மதிப்பெண், மேசையில் படுத்திருப்பவரின் கதியை இவ்வளவு தூரம் சொல்லிவிட்டது. தியேட்டர் நர்ஸ் ஒரு வீடியோவைப் பார்ப்பவரல்ல, வாரம் முழுக்கப் பக்கத்திலேயே நிற்பவர்.

கத்துகிற சர்ஜனைப் பற்றி அண்ணி சொன்னதற்கும் சான்று உண்டு. 2019-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, 202 சர்ஜன்களிடம் அறுவை செய்துகொண்ட 13,653 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. உடன் வேலை செய்பவர்கள் ‘இவர் எங்களிடம் மரியாதையாக நடப்பதில்லை’ என்று முறையிட்ட சர்ஜன்களின் நோயாளிகளுக்கு, முறையீடு இல்லாதவர்களின் நோயாளிகளைவிடச் சிக்கல்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வந்திருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கத்துகிறவரிடம் ‘டாக்டர், பிரஷர் இறங்குது’ என்று சொல்லவே வாய் வராது. சொல்ல வேண்டிய சொல் தொண்டையில் நிற்கும் நேரத்தில் ஒரு உயிர் நழுவிவிடும்.

ஆனாலும் உள்ளிருப்பவர் சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதைப் புரிந்துகொள்ள நம் மக்கள் வைத்திருக்கும் ஒரு சொல்லே போதும்: கைராசி. ‘அவரு கைராசிக்காரரு’ என்ற பேச்சைக் கேட்காத வீடு இல்லை. அந்தச் சொல்லில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கை என்பது திறமை. ராசி என்பது வந்து சேர்ந்த நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்பது. அறுவை முடிவுகளை அளக்கப் புறப்பட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபடுவது, இந்தக் கையையும் ராசியையும் எப்படிப் பிரிப்பது என்பதில்தான். முப்பது வயது ஆளுக்குக் குடலிறக்கம் தைப்பவரின் நோயாளிகள் மறுநாளே எழுந்து நடப்பார்கள். சர்க்கரை, இதயநோய், சீழ் பிடித்த வயிறு என்று வருபவர்களைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் சீஃபின் வார்டில் எப்போதும் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். ட்ரெஸ்ஸிங் மாற்றும் ஆயாவின் கண்ணுக்கு முதலாமவர் கெட்டிக்காரர். மயக்க டாக்டரின் கண்ணுக்கு இரண்டாமவர்.

எண்ணிக்கையும் ஏமாற்றும். துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனை ஊரில் லேசர் ஆபரேஷன் என்பார்கள். அதில் எல்லோரும் அஞ்சும் விபத்து, பித்தப்பையின் காம்பு என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயையே வெட்டிவிடுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் நேர்கிறது என்பது உலகளாவிய கணக்கு. ஆண்டுக்கு நூறு பித்தப்பை எடுக்கும் நல்ல சர்ஜனுக்குக்கூட இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது நேரலாம். போன மாதம் நேர்ந்திருந்தால் ‘அவரா, குழாயை வெட்டினவராச்சே’ என்று பேர் வந்துவிடும். ஆண்டுக்குப் பத்து மட்டும் செய்பவர் பத்து ஆண்டுக்கும் அந்தப் பேர் எடுக்காமல் போகலாம். அரிதாக நடப்பதை ஒருவரின் நினைவை வைத்து அளக்கவே முடியாது. அதனால்தான் அண்ணி விபத்துக் கதைகளைச் சொல்லாமல், தினமும் நடப்பதைச் சொன்னார் என்று இப்போது எனக்குப் படுகிறது. சதையைத் தொடும் விதமும் கணக்குக்குக் காத்திருப்பதும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் தெரிபவை.

பாஸ்டன் நகரச் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன் இந்த வேலையை நினைவிடம் விடாமல் ஏட்டிலேயே செய்தார். தன் நோயாளிகள் ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் போன பிறகும் பின்தொடர்ந்து, என்ன ஆனார்கள் என்று குறித்துவைத்தார். 1911-ல் தானே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளில் 123 தவறுகளைத் தானே பட்டியலிட்டு அச்சிட்டு வெளியிட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டதற்காகத் தன் தொழில் நண்பர்களை இழந்தார். நூறு ஆண்டு கழிந்தும் அவர் கேட்டது பெரும்பாலான இடங்களில் நடக்கவில்லை.

இதுவரை சொன்னது யாரிடம் போவது என்பதைப் பற்றி. உறவுக்குள் சொல்லப்படும் சொல்லின் முழு வலிமையும் வேறொரு இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ‘ஆபரேஷனே வேண்டாம், கொஞ்சம் பொறுங்க’ என்ற சொல் அது.

சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் ஜான்ஃபிராங்கோ டொமெனிகெட்டி என்ற ஆய்வாளர் 1993-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். டான்சில், குடலிறக்கம், மூலம், பித்தப்பை, கர்ப்பப்பை, குடல்வால் போன்ற சாதாரண ஆபரேஷன்களை டாக்டர்கள் எத்தனை பேர் செய்துகொண்டிருக்கிறார்கள், பொதுமக்கள் எத்தனை பேர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டார். குடல்வால் நீங்கலாக எல்லாவற்றிலும் பொதுமக்கள்தான் கூடுதலாகக் கத்திக்குப் படுத்திருந்தார்கள். குடல்வால் வெடிக்கும் நிலையில் டாக்டருக்கும் யோசிக்க நேரமில்லை, உழவருக்கும் நேரமில்லை. யோசிக்க நேரமிருந்த மற்ற எல்லாவற்றிலும், தெரிந்தவர்கள் காத்திருந்தார்கள், தெரியாதவர்கள் சம்மதித்தார்கள்.

கர்ப்பப்பை விஷயத்தில் இந்த வேறுபாடு நம் நாட்டில் கண்ணீராகவே தெரிகிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 2008-ல், சமீரா கோலி வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியிருந்தது. உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோதே தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடம்தான் வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்பதையெல்லாம் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் பக்கத்தில் நின்று, ‘வேறு வழி உண்டான்னு கேளுங்க’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அப்படி ஒருவர் இல்லை.

‘உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?’ என்று நம்மவர்கள் கேட்பதன் பொருளும் இதுதான். அது கெஞ்சல் போலத் தோன்றினாலும் கூர்மையான கேள்வி. அமெரிக்காவில் பீட்டர் யூபெல் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் புற்றுக்கு இரண்டு சிகிச்சைகளைச் சொல்லி டாக்டர்களிடம் கேட்டார்கள். ஒன்றில் இறப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் பிழைத்தால் தொல்லை இல்லை. மற்றதில் இறப்பு குறைவு, ஆனால் வாழ்நாள் தொல்லைகள் வரலாம். தனக்கு என்றபோது முதலாவதை எடுத்தவர்கள் 37.8 விழுக்காடு. நோயாளிக்கு என்றபோது அதையே பரிந்துரைத்தவர்கள் 24.5 விழுக்காடு. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தனக்கும் பிறருக்கும் சொல்வது வேறுபடுகிறது என்பதை நம் கிராமத்துப் பெண்கள் எந்த ஆய்வும் படிக்காமலே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இனி, மனதை உறுத்தும் பகுதி. இந்தச் சொல் யாருக்குக் கிடைக்கிறது? ஒரு தெருவில் நான்கு பெண்கள் நர்ஸிங் படித்திருப்பார்கள். பக்கத்துக் காலனியில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், இருந்தாலும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருப்பார்கள். அவர்கள் பார்ப்பதும் கொஞ்சமல்ல. எந்த வார்டில் ரத்தத்துணி அதிகம் விழுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஸ்கேன் சீட்டைப் படித்துச் சொல்ல அவர்களால் முடியாது, டாக்டரிடம் கூடப் போய் நிற்கவும் முடியாது. நல்ல சர்ஜனின் பெயர் கல்யாணப் பத்திரிகை போலச் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளுமே சுற்றுகிறது.

வீட்டுக்குள் மருத்துவம் தெரிந்தவர் இருந்தால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் அழகாகச் சோதித்திருக்கிறார்கள். மருத்துவப் படிப்புக்குச் சமமான தகுதியோடு வந்தவர்களில் இடத்தைக் குலுக்கல் முறையில் கொடுக்கும் நாடுகள் உண்டு. குலுக்கலில் வென்றவரின் குடும்பத்தையும் தோற்றவரின் குடும்பத்தையும் ஒப்பிட்டால் போதும். ஸ்வீடனில் செய்த ஆய்வு, டாக்டர் இருக்கும் குடும்பத்தினர் தடுப்பு முறைகளைக் கூடுதலாகக் கைக்கொள்கிறார்கள், கூடுதல் நலத்தோடு வாழ்கிறார்கள் என்றது. நெதர்லாந்தில் செய்த ஆய்வு, டாக்டரைப் பெற்ற தாய்தந்தையருக்கு அப்படிப் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்றது. இரண்டும் 2022-ல் வெளிவந்தன. இந்த இரண்டு நாடுகளுமே எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கும் பணக்கார நாடுகள். முகாம் வண்டி ஏறிப் போய், அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்களிடம் படுக்கும் ஊரில் இந்த வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்பதைப் புதுச்சேரியில் ஒருவர் ஆராய வேண்டும். எட்டு மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறைகளுக்கும் இந்தக் கிராமங்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஏன் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று உள்ளிருப்பவர்களைக் குறை சொல்வது எனக்கு ஒப்பாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளுக்கு இதய அறுவை செய்த மருத்துவமனையில், 1988-ல் மயக்க டாக்டராகச் சேர்ந்த ஸ்டீபன் போல்சின், குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதைக் கண்டார். 1990-ல் நிர்வாகத்திடம் சொன்னார், பிறகு தானே கணக்கெடுத்தும் காட்டினார். ஆனாலும் அங்கே அறுவையை நிறுத்தவில்லை. இயன் கென்னடி தலைமையிலான விசாரணை 2001-ல் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரை, வேறு இடத்தில் நடந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய, ஒரு வயது நிரம்பாத 30 முதல் 35 குழந்தைகள் அங்கே கூடுதலாக இறந்திருந்தன. சொன்ன டாக்டர் தன் நாட்டில் இருக்க முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஒரு டாக்டருக்கே அந்தக் கதி என்றால், கிருமாம்பாக்கம் ரோட்டில் டெம்போ பிடித்து வேலைக்குப் போகும் ஸ்டாஃப் நர்ஸ் என்ன செய்வார்? சித்தி வீட்டில்தான் சொல்வார். அதையும் பெயர் சொல்லாமல், கிழமையாகச் சொல்வார்.

எண்களை வெளியிட்டால் எல்லாம் தீருமா? நியூயார்க் மாநிலம் இதயப் பைபாஸ் அறுவைக்கு மருத்துவமனை வாரியாகவும், பிறகு சர்ஜன் வாரியாகவும் இறப்புக் கணக்கை வெளியிட்டது. நோயின் கடுமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 1989 முதல் 1992 வரை அங்கே இறப்பு 41 விழுக்காடு குறைந்தது. அதே போல வெளியிட்ட பென்சில்வேனியாவில், அறுவை செய்துகொண்டவர்களிடம் 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் கேட்டார்கள். அறுவைக்கு முன் அப்படி ஓர் அறிக்கை இருப்பதைத் தெரிந்திருந்தவர்கள் 12 விழுக்காடு. தன் சர்ஜன் அல்லது மருத்துவமனையின் மதிப்பீட்டைச் சரியாகத் தெரிந்து, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏட்டில் எழுதிவைத்தாலும் அதைப் படித்து, ‘இது உனக்கு இப்படி’ என்று சொல்ல ஒரு அண்ணி தேவைப்படுகிறார். எண்களையும் வெளியிட வேண்டும், அவற்றைப் படித்துச் சொல்லும் ஆளையும் கொடுக்க வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் வீடுவீடாகப் போகும் ஏ.என்.எம். செவிலியருக்கு, ஆபரேஷனுக்குச் சொல்லப்பட்டவர்களின் சீட்டைப் படித்துக் கேள்விகளைச் சொல்லித்தரும் வேலையையும் அதிகாரத்தையும் கொடுத்தால், சொந்தத்தில் நர்ஸ் இல்லாதவருக்கும் ஒரு நர்ஸ் கிடைப்பார். கமிஷனுக்காக ஆள் அனுப்புகிறவர்களின் வாயும் கொஞ்சம் அடங்கும். ஆள் அனுப்பினதற்கு டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ன் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே தடைசெய்யப்பட்டவை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு அவருடைய மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. இரண்டாவது டாக்டரைப் பார்க்க அது ஒன்றே பெரிய துணை. பாகூர்ப் பக்கம் அதைக் கேட்டு வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

‘யார் கையில்’ என்ற கேள்வியே எழாத ஓர் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், எந்த டாக்டர் செய்வார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அந்த அமைப்பு, ஒவ்வொரு சர்ஜனுக்கும் எத்தனை சிக்கல் வந்தது என்று உள்ளே கணக்கு வைத்து, கூடினால் உட்கார்ந்து பேசும் வழக்கம் உடையது. கண் புரை ஒரே மாதிரியான அறுவை, வயிறு அப்படியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சர்ஜனை எடைபோடும் பாரத்தை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி நிறுவனம் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியும் என்பதை அங்கே போய்வரும் எங்கள் ஊர்க் கிழவிகள் காட்டுகிறார்கள்.

சித்தி புதன்கிழமை போனார். இரண்டு வாரம் கழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று சிறு தையல், மறுநாள் இட்லி. அண்ணி டூட்டி முடிந்து வார்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மாள் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியனூருக்கு அந்தப்பக்கம் ஒரு ஊராம். பேச்சுவாக்கில், “எந்தக் கிழமைன்னெல்லாம் இருக்குதா? எங்களுக்கு யாரும் சொல்லலியே” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அவருடைய மகளுக்கு முப்பத்துநாலு வயது. வேறோர் இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி, அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.

“நீ எங்களுக்குச் சொந்தம் இல்லதான். இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

அண்ணி மணியைப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “மாத்திரை ஏதாவது குடுத்துப் பாத்தாங்களாம்மா, மொதல்ல?”